பிடரி காட்டிய அரசன்

பூட்டு ரிப்பேர்காரன் பல்பொடி போட்டுத் தேய்த்த அன்று மாலை, வெள்ளி நாணயத்தில் இருந்த ரோமானிய அரசன் கழுத்தைத் திருப்பிப் பிடரியைக் காட்டிக்கொண்டான். இதில் அரசனைக் குறை சொல்ல முடியாது. ரிப்பேர்காரனின் மனைவி ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள். நல்ல செருப்பு ஒன்றுகூட வாங்காமல் பத்தொன்பது வருடத்தில் பதினொரு அரசர்களைச் சேர்த்திருந்தாள். பன்னிரண்டாமவன் மூன்றே மாதம் ஆண்டவன், அதனால் அவன் காசு லேசில் அகப்படாது. ஒருவழியாகத் தபாலில் வந்தது, கன்னங்கரேலென்று. அந்தக் கறுப்புதான் காசின் வயது, சேகரிப்பவர்கள் அதில் கைவைக்க மாட்டார்கள். பூட்டுக்காரனுக்கோ மின்னாத உலோகமெல்லாம் அழுக்கு.

"உனக்காக ஆசையா செஞ்சேம்மா," என்றான்.

"ரெண்டாயிரம் வருஷத்தப் பத்து நிமிஷத்துல தேச்சுத் தள்ளிட்டீங்களே! அவன் திரும்புறவரைக்கும் எங்கிட்டப் பேசாதீங்க," என்றாள்.

சமையல், துணி, வாடகை எல்லாம் வழக்கம்போல நடந்தன, பேச்சு மட்டும் நின்றது. அவனா விடுவான்? வியர்வை பட்டால் வெள்ளி கறுக்கும் என்று கேள்விப்பட்டு, சட்டையின் உட்புறம் நெஞ்சோடு ஒட்டி ஒரு துணிப்பை தைத்துக் காசை அதில் போட்டுக்கொண்டான். கடையில் மின்விசிறியைக் கழற்றி விற்றான். கோடையில் கம்பளிச் சட்டை போட்டான். பைத்தியம் பிடித்துவிட்டது என்று தெருவே சிரித்தது, சிரிக்கட்டும் என்றிருந்தான். இரண்டாம் வருடம் காது நுனி தெரிந்தது, நான்காம் வருடம் தாடை. அவள் தினமும் வேலைக்குக் கிளம்பும்முன் பையைத் திறந்து, பூதக்கண்ணாடியோடு அவன் நெஞ்சருகே குனிந்து காசைப் பார்த்துவிட்டுப் போவாள். அந்த அரை நிமிடத்துக்காகவே அவன் சீக்கிரம் எழுந்து குளித்தான்.

ஆறாம் வருடம் அரசன் திரும்பினான். ஆனால் பக்கவாட்டில் நிற்கவேண்டியவன் நிற்காமல், இரண்டு கண்ணும் தெரிய நேராகவே பார்த்தான். இருவரும் அதை நாணய வியாபாரியிடம் கொண்டுபோனார்கள். அவர் ஒரே பார்வையில் தள்ளிவைத்தார்.

"போலிம்மா. இவன் நேராப் பாக்குற காசு எந்தப் புத்தகத்துலயும் இல்ல."

பூட்டுக்காரனுக்கு முகம் செத்துப்போயிற்று. அவள் காசைப் பட்டென்று எடுத்துக்கொண்டாள்.

"ஆறு வருஷமா இது எங்க இருந்துச்சுன்னு உங்க புத்தகத்துக்குத் தெரியுமா?" என்று வியாபாரியிடம் கேட்டாள். பிறகு கணவன் பக்கம் திரும்பி, "வாங்க, போலாம். முதல்ல அந்தக் கம்பளியக் கழட்டுங்க, பாக்கவே எனக்கு வேர்க்குது," என்றாள்.

பஸ்ஸில் வீடு வரைக்கும் இருவரும் வாய் ஓயாமல் பேசினார்கள். அரசன் இப்போது அவளுடைய நாணயப் பெட்டியில் பன்னிரண்டாவது குழியில் இருக்கிறான். பார்க்க வருகிறவர்களுக்கு முதலில் கொஞ்சம் கூச்சமாக இருக்கும், பிறகு பழகிவிடும்.