வருது மாமாவின் பெட்டி

கல்யாணப் பரிசுகளையெல்லாம் பிரித்து அடுக்கி முடித்தபோது, எதனோடும் சேராத சாவி ஒன்று மிஞ்சியது.

கட்டைவிரல் நீளத்தில் பித்தளைச் சாவி. வெறும் தபால் உறையில் வந்திருந்தது. உள்ளே ஒரு வாழ்த்துவரிகூட இல்லை. இருந்தாலும் அனுப்பியது யார் என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. பெண்ணின் மாமா, அதாவது அம்மாவின் அண்ணன், வேறு ஊரில் பூட்டுக்கடை வைத்திருப்பவர். காலை முறித்துக்கொண்டு கல்யாணத்துக்கு வர முடியாமல் படுத்திருந்தார். பரிசைப் பெட்டியில் வைத்துப் பார்சலில் அனுப்பியிருப்பதாகவும், சாவியைத் தனியாக அனுப்பியிருப்பதாகவும் போனில் சொல்லியிருந்தார். சாவி வந்துவிட்டது. பெட்டி வரவில்லை.

"வரும், வரும்," என்றாள் அம்மா. "என் கல்யாணத்துக்குக்கூட ஒரு பீரோ செஞ்சு அனுப்பறேன்னாரு. அது இன்னும் வந்துக்கிட்டே இருக்கு."

மாமாவைத் தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. மனிதர் தங்கம். ஆனால் தருகிறேன் என்று அவர் சொன்ன பொருள் எதையும் இதுவரை ஒருவரும் கண்ணால் பார்த்ததில்லை. பொம்மை என்பார், குடை என்பார், சைக்கிள் மணி என்பார். என்னாச்சு மாமா என்று கேட்டால் கொஞ்சமும் கூசாமல், "வருது பாப்பா," என்பார். கேட்டுக் கேட்டுக் குடும்பமே அவருக்கு வருது மாமா என்று பெயர் வைத்துவிட்டது. அவரும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டார்.

கல்யாணப்பெண்ணுக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. சின்ன வயதில், ஊருக்குக் கிளம்பிய மாமாவின் காலைக் கட்டிக்கொண்டு விடவே மாட்டாளாம். ஆளாளுக்கு இழுத்தும் பிரிக்க முடியாமல், "இது பொண்ணு இல்ல, உடும்பு," என்றார் மாமா. பெயர் ஒட்டிக்கொண்டது. அவள் வளர்ந்து, பல் டாக்டர்களுக்குப் பல் செட் செய்து கொடுக்கும் லேபில் வேலைக்குச் சேர்ந்து, கல்யாணமும் ஆகிவிட்டது. வீட்டில் இன்னும் உடும்புதான்.

புகுந்த வீட்டில் முதலில் கேலியாகத்தான் ஆரம்பித்தது. "சாவியை மட்டும் அனுப்பற ஐடியா நல்லா இருக்கு. அடுத்த கல்யாணத்துக்கு நான் ஒரு கார் சாவி அனுப்பப்போறேன்," என்றாள் நாத்தனார். எல்லோரும் சிரித்தார்கள். உடும்பும் சிரித்தாள். விஷயம் அம்மா காதுக்குப் போனது, அவள் சிரிக்கவில்லை. சம்பந்தி வீட்டில் மானம் போகிறதே என்று அண்ணனுக்குப் போன் போட்டு வாய்க்கு வந்தபடி பேசிவிட்டாள். "அனுப்பலைன்னா அனுப்பலைன்னு சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே. எதுக்கு இந்தச் சாவி நாடகம்?" என்று கேட்டாள். "இனிமே என்னை எதுக்கும் கூப்பிடாதீங்க," என்று மாமா போனை வைத்துவிட்டார். அதன்பிறகு தங்கை கூப்பிட்டால் அவர் எடுப்பதே இல்லை.

உடும்புக்குச் சுருக்கென்று தைத்தது இங்கேதான். மறுநாள் சாப்பாட்டு மேஜையில் நாத்தனார் மறுபடியும் சாவிப் பேச்சை எடுத்ததும், "எங்க மாமா அனுப்பியிருக்காரு. நான் கொண்டுவந்து காட்டறேன்," என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் யோசித்தாள். அவர் அனுப்பினார் என்று இவள் கண்டாளா? உள்ளுக்குள் இவளுக்கும் பயம்தான். பெட்டி என்று ஒன்று இல்லவே இல்லை என்றால், தான் காலைக் கட்டிக்கொண்டு வளர்ந்த அந்த மனிதரை இனி எந்த முகத்தோடு பார்ப்பது என்ற பயம்.

அவருக்குப் போன் செய்தாள். இவள் கூப்பிட்டால் மட்டும் எடுத்தார்.

"ரசீது இருக்கா மாமா?"

"பத்திரமா வெச்சிருக்கேன்."

"எங்க?"

"அதைத்தான் தேடறேன்."

"பெட்டி மேல அட்ரஸ் எழுதினீங்களா?"

"பூட்டுக்காரன் எவனாவது பூட்டு மேல வீட்டு அட்ரஸை எழுதுவானா? அட்டையில எழுதிக் கயித்துல கட்டினேன்."

பூட்டுத் தொழிலில் அது பாலபாடம். சாவியும் பூட்டும் முகவரியும் ஒன்றாக யார் கையிலாவது சிக்கினால் வீடே போச்சு. காலமெல்லாம் கட்டிக்காத்த அந்தப் பழக்கத்தைக் கல்யாணப் பரிசுக்காகக்கூட விட மனம் வரவில்லை மனிதருக்கு. கயிறு அறுந்திருந்தால், அந்தப் பெட்டி யாருடையது என்று கடவுளுக்கே தெரியாது.

"சரி, உள்ள என்ன இருக்கு? கேப்பாங்க மாமா."

"அதைச் சொல்லிட்டா அப்புறம் பூட்டு எதுக்கு?" என்றார். "விட்டுடு பாப்பா. நான் சொன்னா யாரு நம்புவாங்க. எனக்குப் பழகிப்போச்சு."

பழகிப்போச்சு என்ற அந்த வார்த்தைதான் அவளைக் கிளப்பிவிட்டது.

தெருமுனைத் தபால் நிலையத்தில் கையை விரித்தார்கள். பெரிய பார்சல் நிலையத்துக்குப் போகச் சொன்னார்கள். அங்கே, புகார் எண் இருந்தால்தான் பேச்சே என்றார்கள். புகார் எண்ணுக்குப் போன் செய்தால், உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியம் என்று ஒரு குரல் சொல்லிச் சொல்லியே பொழுதை ஓட்டியது. அவ்வளவு முக்கியமான அழைப்பை எடுக்கத்தான் ஆளில்லை. வேறு யாராக இருந்தாலும் தலைமுழுகியிருப்பார்கள். உடும்புக்கோ, வாய்க்குப் பொருந்தாமல் திரும்பி வந்த பல் செட்டை, பொருந்துகிறவரைக்கும் அரத்தால் ராவிக்கொண்டே இருப்பதுதான் பிழைப்பு. மதியச் சாப்பாட்டு நேரமெல்லாம் பார்சல் நிலையத்து வாசலில் போய் நின்றாள். வாசல் காவலாளி அவளைக் கண்டதும் கேட்டைத் திறக்கிற அளவுக்கு வந்துவிட்டது. கடைசியில் அவர்தான் சொன்னார், முகவரி போன பார்சல்களெல்லாம் பின்பக்க ஷெட்டில் கிடக்கும் என்று. அடுத்த வாரம் அதையெல்லாம் ஏலம் விட்டுக் காலி செய்யப்போகிறார்கள் என்றும் சொன்னார்.

"போனாப் போகுதுன்னு விடேன். எங்கக்கா வாய் அப்படித்தான்," என்றான் அவள் புருஷன். லிஃப்ட் மெக்கானிக், மாட்டிக்கொண்டவர்களைப் பதற்றப்படாமல் இறக்கிவிட்டுப் பழகியவன்.

"உங்கக்காவுக்காக இல்ல. எங்க மாமா பொய் சொல்லலைன்னு எனக்குத் தெரியணும்."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வண்டிச் சாவியை எடுத்தான்.

பின்பக்க ஷெட் தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை. அடுக்கடுக்காய் இரும்பு ராக்குகள். ஒற்றைச் செருப்பு, கண்ணாடி போட்ட யாரோ ஒருவரின் போட்டோ, ஃபேன் இறக்கை என்று வீடு போய்ச் சேராத சாமான்கள் கிடந்தன. பொறுப்பில் இருந்த பெண்மணியை எல்லோரும் பெரியக்கா என்றார்கள். கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார்.

"உள்ள என்ன பொருள்?"

"தெரியாதுக்கா."

"பெட்டி என்ன கலர்?"

"தெரியாது."

"ரசீது?"

"தொலைஞ்சுபோச்சு."

பெரியக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவளை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப எதைத்தாம்மா நீ தேடறே?"

உடும்பு சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தாள். "இதுக்குப் பூட்டு."

பெரியக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் நல்ல மனசு. சுமை தூக்குகிறவரைக் கூட அனுப்பி, பூட்டிய பெட்டிகளையெல்லாம் பார்க்கச் சொன்னார். சூட்கேஸ், டிரங்குப் பெட்டி, யாரோ அனுப்பிய உண்டியல் என்று எல்லாவற்றிலும் சாவியைப் போட்டுப் பார்த்தாள். ஒன்றிலும் நுழையவில்லை. கடைசி ராக்கும் முடிந்தபோது அவள் கையெல்லாம் தூசி. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது. அப்போ அம்மா சொன்னதுதான் சரியா?

"போலாமா?" என்றான் புருஷன் மெதுவாக.

"இன்னொரு தடவை முதல்லேருந்து பாத்துட்டுப் போலாம்."

"முதல்ல உக்காரு," என்றார் பெரியக்கா. "மூஞ்சியே செத்துப்போச்சு. டீ குடி." ஓரமாக இருந்த கெட்டிலைத் தூக்கினார். கெட்டிலுக்கு அடியில் விரித்திருந்த துண்டும் கூடவே இழுபட்டு வந்தது. துண்டுக்குக் கீழே, இரும்புப் பட்டை அடித்த மரத்தின் மூலை ஒன்று தெரிந்தது.

"அது என்னக்கா?"

"அதுவா? ஸ்டூல்."

"ஸ்டூலுக்கு எதுக்கு இரும்புப் பட்டை?"

"பெட்டிதான். ஆனா திறக்காது. ஹேர்பின், கம்பி, எல்லாம் போட்டுப் பாத்தாச்சு. உடைக்கணும்னா மேலதிகாரி கையெழுத்து வேணும். அவங்க மாறிக்கிட்டே இருக்காங்க. சும்மா கிடக்குதேன்னு கெட்டில் வெச்சோம்."

உடும்பு மண்டியிட்டாள். முன்பக்கம் நடுவில் பளபளவென்று ஒரு சாவித்துவாரம் இருந்தது. சாவியை வைத்து அழுத்தினாள். பாதிகூடப் போகவில்லை. "நான்தான் சொன்னேனே," என்றார் பெரியக்கா. புருஷன் அவள் தோளில் கை வைத்தான். அவள் அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

மாமாவின் கடையில் உட்கார்ந்து கதை கேட்ட நாட்களில் அவர் சொல்வார்: "முன்னாடி இருக்கற ஓட்டை திருடனுக்கு பாப்பா. நம்ம ஓட்டை வேற." சொல்லிவிட்டு அது எங்கே என்று காட்டாமல் அவளையே தேட விடுவார்.

கண்ணை மூடிக்கொண்டு, பட்டையில் வரிசையாக இருந்த ஆணித் தலைகளை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே போனாள். பல் செட்டில் மயிரிழை மேடு இருந்தாலும் கண்டுபிடிக்கிற விரல். இடதுபக்கம், கீழே, ஒரு தலை மட்டும் துளி அசைந்தது. அழுத்திப் பக்கவாட்டில் தள்ளினாள். பட்டையில் ஒரு தகடு நகர்ந்து, உள்ளே கறுப்பாக ஒரு துவாரம் தெரிந்தது. சாவி அதில் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. ஒரு திருப்பு. 'டக்' என்று கேட்டது. சுமை தூக்குகிறவர் வாயைப் பிளந்தபடி கிட்ட வந்தார்.

மேலாக ஒரு கதவுப் பூட்டு இருந்தது, புதுசு, இரண்டு சாவியோடு. கல்யாணப் பரிசு அதுதான். ஆனால் பெட்டி அதோடு முடியவில்லை. அடியில் துணி சுற்றி வேறு என்னென்னவோ இருந்தன.

முதல் துணியைப் பிரித்தாள். சைக்கிள் மணி. அவள் முதல் சைக்கிள் வாங்கிய வருஷம் மாமா தருகிறேன் என்றது. அடுத்தது, படுக்கவைத்தால் கண்ணை மூடுகிற பொம்மை. அதன் கண்ணுக்குள் மாமா கையால் செய்த குட்டிக் கீல். அப்புறம் பூட்டோடு ஒரு பென்சில் டப்பா. அப்புறம் கம்பியெல்லாம் மாற்றிக் கட்டிய சின்னஞ்சிறு சிவப்புக் குடை. லேபில் வேலைக்குச் சேர்ந்தபோது சொன்ன பூதக்கண்ணாடி. அவர் வருது, வருது என்று சொன்ன ஒவ்வொன்றும் இருந்தது. ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. எல்லாவற்றுக்கும் அடியில், தனியாக ஒரு துணியில், பூவேலை செய்த பித்தளைக் கைப்பிடி ஒன்று. அது என்ன என்று கொஞ்ச நேரம் விளங்கவில்லை. விளங்கியதும் அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அம்மாவின் பீரோவுக்கு.

பெரியக்கா குனிந்து பொம்மையை எடுத்து, படுக்கவைத்து, நிமிர்த்திப் பார்த்தார். "எடுத்துட்டுப் போம்மா. இதுக்கு மேல என்ன ரசீது. எங்க கெட்டிலுக்குத்தான் இடம் போச்சு."

உடும்பு அங்கேயே தரையில் உட்கார்ந்து போன் போட்டாள்.

"மாமா, வந்துடுச்சு."

"பெட்டியா?"

"எல்லாமே மாமா. எல்லாமே வந்துடுச்சு."

"ஓட்டையைக் கண்டுபிடிச்சியா?"

"கண்டுபிடிச்சேன்."

"உடும்புன்னு சும்மாவா பேர் வெச்சேன்," என்றார்.

"ஏன் மாமா அப்பவே அனுப்பல?"

"இன்னும் கொஞ்சம் சரி பண்ணிட்டு அனுப்பலாம்னு நெனைப்பேன். சரி பண்ணி முடிக்கறதுக்குள்ள நீ வளந்துடுவே. வளந்த பொண்ணுக்கு எப்படி பொம்மை அனுப்பறது? சரி, அடுத்ததையாவது சீக்கிரமா முடிக்கலாம்னு நெனைப்பேன்." பிறகு சொன்னார்: "உங்கம்மாகிட்ட சொல்லு, பீரோ..."

"வருதா?"

அவர் சிரித்துவிட்டார். எத்தனையோ நாளுக்கப்புறம் அவர் சிரித்ததைக் கேட்டாள்.

"நாங்க தனி வீடு பாத்தாச்சு மாமா. இந்தப் பூட்டை நீங்கதான் வந்து மாட்டணும். வரேன்னு மட்டும் சொல்லாதீங்க. நானே வந்து கூட்டிட்டு வரேன்."

"சரி," என்றார். வருது மாமா 'சரி' என்று மட்டும் சொல்லி அவள் கேட்டதே இல்லை. போனை வைக்கப்போனவர் தயங்கினார். "அந்தச் சாமானெல்லாம் உனக்கு இப்ப சின்னதா இருக்கும் பாப்பா. யாராவது குழந்தைகளுக்குக் கொடுத்துடு."

உடும்பு சிவப்புக் குடையை விரித்துத் தலைக்குமேல் பிடித்திருந்தாள். அது அவள் தலையைக்கூட முழுசாக மூடவில்லை. புருஷனும் பெரியக்காவும் சுமை தூக்குகிறவரும் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இல்ல மாமா," என்றாள். "சரியா இருக்கு."