துஷாந்தனின் கைகளில் கொஞ்சம் தண்ணீர்

1

இது கதையாகப் பிறக்கவில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். உடம்பு கட்டுகிற பொடியன்கள் குடிக்கும் கிரியேற்றின் மாவைப் பற்றி வாரஇதழின் ஆசிரியர் ஒரு பக்கக் கட்டுரை கேட்டார். "நல்லதோ கெட்டதோ எண்டு எழுதுங்கோ. உங்கட பாணியில கொஞ்சம் பயங்காட்டுங்கோ" என்றார்.

என் பாணி அவருக்குத் தெரியும். என் தொடர்கதைகளில் பாதிக்கு மேல், கதாநாயகி கடைசிக்கு முந்தின அத்தியாயத்தில் இருமுவாள்.

ஆராய்ச்சிக்காக மன்னார் நகரத்து ஜிம் ஒன்றில் சேர்ந்து ஒரு டின் மாவும் வாங்கினேன். சில கிழமைகளில் இரண்டு கிலோ கூடினேன்.

"எல்லாம் தசை" என்றேன், மனைவி பெற்றிசியாவிடம்.

"எங்க?" என்றாள்.

2

கட்டுரை இப்படிப் போனது:

கிரியேற்றின் நஞ்சுமல்ல, அமுதமுமல்ல. உடம்பு தானே கொஞ்சம் செய்துகொள்கிறது. மீனிலும் இறைச்சியிலும் கொஞ்சம் வருகிறது. மாவாகக் குடித்தால் தசைக்குள் சேர்ந்து, பாரத்தை இன்னும் ஒன்றிரண்டு தரம் தூக்க விடும். தூக்காதவனுக்குப் பெரிதாக ஒன்றும் செய்யாது. (என்னில் நிரூபிக்கப்பட்டது.) சேரும்போது தசைக்குள் தண்ணீரையும் இழுத்து வைத்துக்கொள்ளும். பெற்றிசியாவின் கண்ணுக்கு அகப்படாத அந்த இரண்டு கிலோவில் பெரும்பங்கு தண்ணீர். மிச்சம் அவளுடைய சமையல்.

அது உடைந்து கழிவாகும்போது கிரியேற்றினின் என்ற பொருளாகிறது. சிறுநீரகம் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க வைத்தியர்கள் இரத்தத்தில் அளப்பதும் அதைத்தான். ஆகவே சிறுநீரகம் நன்றாக இருந்தாலும் மா குடிக்கிறவனுக்கு அளவு கூடிக் காட்டலாம். சிறுநீரகம் உண்மையிலேயே பழுதாகியிருந்தாலும் கூடித்தான் காட்டும். இரண்டில் எது என்பதை அந்த ஓர் எண் மட்டும் சொல்லாது.

இந்த இடத்தில் கட்டுரை நின்றுவிட்டது. துஷாந்தன் உள்ளே வந்துவிட்டான்.

3

முதல் தொடக்கம்: "இரும்பை உருக்கி வார்த்த புயங்களோடு துஷாந்தன் மன்னார்ப் பாலத்தில் மோட்டார் சைக்கிளை—"

வேண்டாம். இப்படித் தொடங்கினால் அவன் நாலு பேரை அடித்தே ஆகவேண்டும்.

இரண்டாம் தொடக்கம்: "முகாமின் முள்வேலியைப் பற்றி நின்ற அந்த மெலிந்த சிறுவனின் விழிகளில்—"

இதுவும் வேண்டாம். அந்தச் சிறுவனைப் படம் போட்டே ஆசிரியர் முதல் பக்கத்தை நிரப்பிவிடுவார்.

நேராகச் சொல்கிறேன். துஷாந்தன் நகரத்து இரும்புக்கடையில் சீமெந்து மூட்டை ஏற்றுகிறவன். ஊர் உயிலங்குளத்துக்கு அங்கால். சண்டை முடிந்து, முகாமிலிருந்து குடும்பத்தோடு ஊர் திரும்பிப் பள்ளிக்கூடம் போனபோது, அவனை 'ஈர்க்கில்' என்று கூப்பிட்டார்கள். எல்லோரும் மெலிந்துதான் திரும்பியிருந்தார்கள். இவன் அவர்களுக்குள்ளேயே மெலிவு. மீள்குடியேறியவர்களுக்குக் கூரைக்குத் தகரம் கொடுத்தார்கள், வயலுக்கு விதைநெல் கொடுத்தார்கள். உடம்பை அவன்தான் தேடிக்கொள்ள வேண்டியிருந்தது. வளர்ந்து சம்பளம் எடுக்கத் தொடங்கியதும், நான் பிறகு சேர்ந்த அதே ஜிம்முக்கு வந்தான், மா குடித்தான், பாரமும் தூக்கினான். சட்டைக் கை இறுகியது. பட்டப்பெயர் கழன்றது.

பிறகு அவனுக்குப் பெண் பேசினார்கள்.

4

பெண் தக்சிகா. உயிலங்குளத்தில் கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலை. முதல் பிரதியில் அவளை "குளமாகிய கண்களுடன்" அறிமுகப்படுத்தியிருந்தேன்.

"இந்தப் பிள்ளை ஏன் வரேக்கையே அழுதுகொண்டு வருது?" என்று பெற்றிசியா கேட்டாள்.

"பிறகு அழவேண்டி வரும். இப்பவே பழக்கிறன்."

(அந்தப் பந்தியை வெட்டிவிட்டேன். உண்மையில் தக்சிகா அழுது நான் கண்டதில்லை.)

தக்சிகாவின் தகப்பன் நவரத்தினம் வயல்காரர். மனைவி சிறுநீரக வருத்தத்தில் இறந்தவர். இரத்தம் சுத்திகரிக்க அவரை வருடக்கணக்காக பஸ்ஸில் ஆசுப்பத்திரிக்குக் கூட்டித் திரிந்தவர் நவரத்தினம். அதனால் மாப்பிள்ளை வீட்டாரிடம் ஒரு வழக்கத்தில் இல்லாத வழக்கம் வைத்தார்.

"குறிப்புப் பொருந்தினாக் காணாது. ரத்தம் சோதிச்ச றிப்போட்டும் வேணும்."

செவ்வாய் நல்ல இடத்தில் இருந்தது. கிரியேற்றினின் நல்ல இடத்தில் இல்லை, கூடியிருந்தது. பேச்சு நின்றது.

ஜிம்மில் துஷாந்தன் இதைச் சொன்னபோது, கட்டுரை எழுதிய தைரியத்தில் கேட்டேன்:

"மா குடிக்கிறதை டொக்டரிட்டச் சொன்னனியோ?"

"மருந்து ஏதும் எடுக்கிறீரோ எண்டுதான் கேட்டவர். இது மருந்தில்லைத்தானே அண்ணை."

"இப்ப போய்ச் சொல்லு."

"சொன்னா தக்சிகாவுக்குத் தெரியவரும்."

"என்ன?"

"இந்தக் கை டின்னுக்குள்ளால வந்ததெண்டு."

(இங்கே வாசகர் சிரிக்கலாம். நானும் சிரித்தேன். நோயாளி என்று கலியாணம் குழம்பினாலும் பரவாயில்லை, ஈர்க்கில் என்று தெரியக்கூடாது என்கிற ஒருவனை என்னால் கற்பனை செய்திருக்கவே முடியாது. என் கதாநாயகர்கள் இவ்வளவு மடையர்கள் இல்லை. இவ்வளவு மனிதர்களும் இல்லை.)

கடைசியில் போய்ச் சொன்னான். வைத்தியர் மாவை நிறுத்தச் சொன்னார். ஒரு மாதம் கழித்துத் திரும்பச் சோதிக்கலாம் என்றார். "மாவால இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். இப்ப சொல்லேலாது."

5

அந்த மாதத்தின் நடுவில் நாங்கள் இருவரும் நவரத்தினம் வீட்டுக்குப் போனோம். எழுத்தாளன், பேசத் தெரிந்தவன் என்று நம்பி என்னைக் கூட்டிப் போனான். வழியெல்லாம் உரை தயாரித்தேன். அது "வாழ்க்கை என்பது" என்று தொடங்கும்.

"வாழ்க்கை என்பது" என்றேன்.

"தேத்தண்ணியைக் குடியுங்கோ" என்றார் நவரத்தினம்.

குடித்தேன். துஷாந்தனே டின் கதையைச் சொல்லி முடித்தான். நவரத்தினம் அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"தம்பி, அப்ப அது உம்மட கையில்லையோ?"

"கை என்ரதான் ஐயா. உள்ளுக்க கொஞ்சம் தண்ணி."

கதவடியில் நின்ற தக்சிகா சிரித்துவிட்டாள். தகப்பன் சிரிக்கவில்லை.

"மாதம் முடியட்டும். றிப்போட் நல்லா வந்தா வாரும். இல்லாட்டி வரவேண்டாம்."

"எனக்கு இவரைக் கட்ட ஓம், அப்பா" என்றாள் தக்சிகா. "இப்பவே ஓம்."

துஷாந்தன்தான் முதலில் பதறினான். "வேண்டாம். றிப்போட் வரட்டும். கிட்னி உண்மையாவே பழுதெண்டா?"

"நல்ல றிப்போட்டுக்கு ஓம் சொல்ல நான் என்னத்துக்கு? அதை ஆசுப்பத்திரியே சொல்லும்."

"நீ அம்மாவைப் பாத்தனீதானே" என்றார் நவரத்தினம். குரல் உயரவில்லை. "நான் அலைஞ்சதையும் பாத்தனீ. அந்த பஸ்ஸில நீயும் ஏறவேணுமோ?"

"அம்மாக்கு அப்பிடி வருமெண்டு முந்தியே தெரிஞ்சிருந்தா, நீங்கள் கட்டியிருக்க மாட்டீங்களோ?"

இந்த இடத்தில் அவர் கண்களில் நீர் திரண்டது என்று— இல்லை. திரளவில்லை. வெறும் கோப்பையை என் கையிலிருந்து வாங்கினார்.

"அதை என்னட்டக் கேக்காதை" என்றார்.

அவள் திரும்பக் கேட்கவில்லை. அவரும் மாட்டேன் என்று சொல்லவில்லை. வெளியே வந்தபோது, நான் நன்றாகப் பேசியதாக துஷாந்தன் நன்றி சொன்னான்.

6

ஆசிரியருக்கு இரண்டு முடிவுகள் எழுதினேன்.

அ) அளவு இறங்குகிறது. மேளம். நவரத்தினம் மருமகனின் மெலிந்த கையைப் பிடித்து—

ஆ) அளவு ஏறுகிறது. தக்சிகா மடு மாதா கோயிலுக்கு வெறுங்காலோடு நடந்து— (ஆசிரியருக்கு இதுதான் பிடித்தது. மூன்று கிழமைக்கு நீட்டலாமாம்.)

இரண்டையும் சங்கக்கடைக்குக் கொண்டுபோய், சனம் இல்லாத நேரம் பார்த்து தக்சிகாவிடம் காட்டினேன். நின்றபடியே வாசித்தாள்.

"அங்கிள், ரெண்டும் வேண்டாம்."

('அங்கிள்' என்றதை நான் பொருட்படுத்தவில்லை. எழுதி வைக்கிறேன், அவ்வளவுதான்.)

"ஏன் பிள்ளை?"

"நல்லா வந்ததெண்டு எழுதினா, எனக்கு அதிஷ்டம் அடிச்சதெண்டு சொல்லுவினம். கூடாம வந்ததெண்டு எழுதினா, விசரி எண்டு சொல்லுவினம். நான் ஓம் சொன்னதை ஒருத்தரும் பாக்க மாட்டினம். றிப்போட் வரமுன்னமே முடிச்சிடுங்கோ."

"சனம் என்னைத் திட்டும்."

"உங்களுக்குப் பழக்கம்தானே" என்றாள்.

மாதம் முடிந்துவிட்டது. முடிவு எனக்குத் தெரியும். ஆசிரியரிடம்கூடச் சொல்லவில்லை. பெற்றிசியாவிடமும் சொல்லவில்லை என்று சொல்லுமளவுக்கு நான் பெரிய பொய்க்காரன் இல்லை. மிச்சத்தை நீங்களே எழுதுங்கள். மேளத்தை வையுங்கள், அல்லது பஸ்ஸை வையுங்கள். ஆனால் எதை வைத்தாலும் அவள் 'ஓம்' என்று சொன்னதற்குப் பிறகு வையுங்கள். அதற்கு முன்னால் மட்டும் வைக்காதீர்கள்.