பட்டனுக்கும் பாதத்துக்கும் நடுவே

அலுவலகத்தில் அவளுக்குத் துடுக்கு என்று பெயர் வைத்தவர் முதலாளி. வாய் சும்மா இருக்காது என்பதுதான் காரணம். பதிலுக்கு அவள் அவருக்கு டைரக்டர் என்று பெயர் வைத்தாள். சினிமா எடுக்க ஆசைப்பட்டு, அது கைகூடாமல் வீடியோ கேம் கம்பெனி ஆரம்பித்தவர் அவர். கிண்டல் என்று தெரியாததால் அந்தப் பெயர் அவருக்குப் பிடித்தும் போயிற்று.

கம்பெனி என்றதும் கண்ணாடி மாளிகை என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு பல் டாக்டரின் கிளினிக்குக்கு மேலே இரண்டு அறைகள். கீழே பல்லைக் குடையும் சத்தம் மேலே கேட்டுக்கொண்டே இருக்கும். முன்னறையில் படம் வரைகிறவர்கள். அவர்களுக்குத் தலைவி துடுக்கின் சொந்த அக்கா. பின்னறையில் புரோகிராம் எழுதும் துடுக்கு தனியாக இருந்தாள்.

அவர்களுடைய விளையாட்டில் ஒரு பெண் கூரைக்குக் கூரை தாவி ஓடுவாள். கதை அவ்வளவுதான். அந்தத் தாவலை அக்கா வரைந்திருந்த அழகைச் சொல்லி மாளாது. முழங்கால் மடங்கும், தோள் பின்வாங்கும், கூந்தல் ஒரு சுற்றுச் சுழலும், அப்புறம்தான் பாதம் தரையை விட்டுக் கிளம்பும். அந்த 'அப்புறம்தான்' துடுக்குக்குத் தொண்டையில் சிக்கிய முள். பட்டனை அழுத்தியவுடன் பாதம் கிளம்ப வேண்டும். கண் இமைக்கும் நேரம் தாமதித்தாலும் போயிற்று, ஓடுவது நாமில்லை, திரையில் இருக்கும் யாரோ ஒருத்தி. அப்புறம் அதற்கு விளையாட்டு என்று பெயர் எதற்கு?

விளையாடிப் பார்க்க வந்தவர்கள் எல்லாருமே ஒரே காரியத்தைச் செய்தார்கள். கூரை விளிம்பில் பட்டனை அழுத்தினார்கள். பெண் ஒய்யாரமாக முழங்காலை மடக்கியபடியே பள்ளத்தில் விழுந்தாள். உடனே கையிலிருந்த, பட்டன்கள் பதித்த கன்ட்ரோலரைத் திருப்பிப் பார்த்து உள்ளங்கையில் தட்டினார்கள். பேட்டரி தீர்ந்துவிட்டதாம். டைரக்டரும் அதை நம்பிப் புதுக் கன்ட்ரோலர்கள் வாங்கிப் போட்டார். அவற்றையும் தட்டினார்கள். அதற்குப் பிறகு அவருக்குத் தோன்றிய யோசனை இருக்கிறதே, அதுதான் உச்சம். தாவலையே விளையாடுகிறவர் கையிலிருந்து பிடுங்கிவிடுவது. விளிம்பு வந்தால் பெண் தானாகத் தாவிக்கொள்வாள்.

"ஜனங்க பார்த்த உடனே அசந்து போகணும்மா" என்றார்.

"பார்க்கிறதுக்குத் தியேட்டர் இருக்கே சார். நம்மகிட்ட எதுக்கு வரணும்?"

"இதை வெளியிடப்போற கம்பெனியிலேர்ந்து நாளைக்கு ஒரு அம்மா வராங்க. தானா தாவுறதுதான் ஓடணும். கன்ட்ரோலர் எல்லாம் டிராயர்லயே கிடக்கட்டும். அவங்க பார்த்தா போதும்."

துடுக்குக்கு அழுகை வந்தது. ஆத்திரத்தில் வந்த அழுகை, அதனால் அவள் அதை மறைக்கவும் இல்லை. நேராக முன்னறைக்குப் போனாள்.

"உன் படத்துல ஒரு குறையும் இல்லக்கா. ஆனா அது குறுக்க நிக்குது."

அக்காவுக்குச் சுருக்கென்றது. "மாசக்கணக்கா வரைஞ்சிருக்கேன். தூக்கிக் குப்பையில போடணுமா?"

"ஒரு தடவை விளையாடிப் பாரு. அப்புறம் என்னைத் திட்டு."

விளையாட்டுக்குப் படம் வரைந்தாளே தவிர, அக்கா ஒன்றையாவது விளையாடியதில்லை. வெறுப்போடுதான் பின்னறையில் வந்து உட்கார்ந்தாள். திரையில் படமே இல்லை. கூரைகள் எல்லாம் சாம்பல் நிறப் பெட்டிகள். ஓடும் பெண்ணும் ஒரு பெட்டிதான். பாட்டில்லை, கூந்தலில்லை. எதையும் முதலில் இப்படி மொட்டையாக விளையாடிப் பார்ப்பதுதான் துடுக்கின் வழக்கம். இதில் ருசி இல்லாவிட்டால் எந்த அலங்காரமும் காப்பாற்றாது என்பது அவள் கட்சி.

அக்கா அழுத்தினாள், பெட்டி தாவியது. அடுத்த விளிம்பில் விழுந்தது. "ச்சே" என்றாள். மறுபடி ஓடினாள், மறுபடி விழுந்தாள். பக்கத்தில் டீ ஆறிப்போனது. கொஞ்ச நேரத்தில் அக்கா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். பெட்டி தாவும்போதெல்லாம் இவள் தோளும் சேர்ந்து சாய்ந்தது.

"நான்தான் அவசரப்பட்டு அழுத்திட்டேன்" என்று முணுமுணுத்தாள்.

துடுக்கு அதைத்தான் கவனித்துக்கொண்டிருந்தாள். அக்கா கன்ட்ரோலரைத் தட்டவில்லை, தன்னையே திட்டிக்கொண்டாள்.

கடைசியில் அக்கா கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டுத் தன் மேஜைக்குப் போய், தாவலின் படங்களை வரிசையாகத் திறந்து வைத்தாள். "முழங்கால் முன்னாடி மடங்க வேண்டாம். அடுத்த கூரையில இறங்கினதும் மடங்கட்டும். கூந்தலும் அப்பவே சுத்தட்டும்" என்றபடி ஒவ்வொன்றாக வெட்ட ஆரம்பித்தாள்.

"கஷ்டமா இருக்காக்கா?"

"இருக்கு. நீ வாயை மூடிட்டு இரு."

மறுநாள் அந்த அம்மாள் வந்து, கைகளை மடியில் கோத்துக்கொண்டு திரைக்கு முன்னால் உட்கார்ந்தார். டைரக்டர் தன் கனவைப் பற்றி நீளமாகப் பேசிவிட்டு விளையாட்டைப் போட்டார். திரையில் பெண் ஓடி வந்து முதல் கூரை விளிம்பில் நின்றாள். தாவவில்லை.

"ஏன் நிக்குது?" என்றார் டைரக்டர்.

துடுக்கு டிராயரை இழுத்துக் கன்ட்ரோலரை எடுத்து அந்த அம்மாள் கையில் கொடுத்தாள். "நீங்க அழுத்தினாத்தான் தாவுவா."

டைரக்டர் அவளை ஓரமாக இழுத்துப் பல்லைக் கடித்தார். "உனக்கு வேலை வேணுமா, வேண்டாமா?"

"வேணும் சார். உருப்படியான விளையாட்டு செய்யிற வேலை."

முன்னறையிலிருந்து அக்கா எழுந்து வந்தாள். டைரக்டர் முன்னால் அவள் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. அன்று உயர்ந்தது. "படம் என்னோடது. வெட்டினதும் நான்தான். அனுப்புறதா இருந்தா ரெண்டு பேரையும் சேர்த்து அனுப்புங்க."

அதற்குள் அந்த அம்மாள் பட்டனை அழுத்தியிருந்தார். திரைப் பெண் தாவி ஓடி, அடுத்த விளிம்பில் நிற்காமல் நேராகப் பள்ளத்தில் விழுந்தாள். டைரக்டர் பதறி அவரிடம் ஓடினார்.

"மன்னிச்சுக்குங்க மேடம், இது வேற ஏதோ. நல்லது இருக்கு, தானாவே தாவும், நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம்" என்று கன்ட்ரோலருக்குக் கையை நீட்டினார்.

அந்த அம்மாள் கன்ட்ரோலரை வெடுக்கென்று தன் பக்கம் இழுத்துக்கொண்டார். நாற்காலி நுனிக்கு நகர்ந்தார். கண் திரையை விட்டு அகலவில்லை.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க, மறைக்குது. நான்தான் லேட்டா அழுத்திட்டேன்."