சின்ன வயிறு

ஆஸ்பத்திரியின் எடை பார்க்கும் மெஷினில் முள் நூற்றிருபதைத் தொட்டு, மேலே போக வழியில்லாமல் அங்கேயே நின்று நடுங்கியது. நர்ஸ் குனிந்து பார்த்துவிட்டு, "இதுல இவ்ளோதாம்மா காட்டும். வேற எங்கயாச்சும் எடை பார்த்துட்டு வந்து சொல்லுங்க, டாக்டருக்குச் சரியான எடை வேணும்" என்றாள். பேபி மெஷினிலிருந்து இறங்கிச் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டாள். வேறு எங்கே என்று நர்ஸும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் அக்கா புருஷன் வேம்புலி அவளை அம்பத்தூர் எஸ்டேட்டில் சுலைமான் பாயின் பழைய இரும்புக் கடைக்குக் கூட்டிப்போனான். தரையோடு தரையாகப் பதித்த பெரிய எடை மேடை அங்கே இருந்தது. விஷயத்தை வேம்புலி காதோடு சொன்னதும் பாய் கடையாட்களை டீ குடிக்க அனுப்பிவிட்டு, ஒரு கோணியை எடுத்து மேடையில் கிடந்த துருவையும் எண்ணெய்ப் பிசுக்கையும் தானே துடைத்தார். விருந்தாளிக்கு நாற்காலியைத் துடைப்பதுபோல அதை அவர் செய்ததுதான் பேபிக்குத் தாங்க முடியாததாக இருந்தது. அவள் ஏறி நின்றாள். பாய் எடைத் தண்டிலிருந்த குண்டை நகர்த்தி நகர்த்திப் பார்த்து, வேம்புலியின் பக்கம் சாய்ந்து மெதுவாக ஏதோ சொன்னார்.

"எனுக்கும் சொல்லுங்க பாய். என்னுதுதானே" என்றாள் பேபி.

"நூத்தி முப்பத்தாறும்மா" என்றார் பாய், தரையைப் பார்த்தபடி.

பேபிக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. எஸ்டேட்டில் துணி ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வரும் சட்டைகளில் பிசிறும் ஓட்டையும் பார்த்து ஒதுக்க வேண்டும். சாயங்காலம் ஆனால் கம்பெனி கேட்டுக்கு எதிரே அக்கா ராஜம்மாவும் வேம்புலியும் போடும் பஜ்ஜிக் கடைக்கு வந்துவிடுவாள். அம்மா முனியம்மா அயனம்பாக்கத்தில் நெல் வயல்கள் இருந்த காலத்தில் நாற்று நட்டவள், பெருத்த உடம்புக்காரி. ஒருநாள் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. அப்போது பேபிக்குப் பத்து வயது. கல்யாணமாகி ஏரிக்கரைப் பக்கம் குடியிருந்த ராஜம்மா தங்கையைத் தன்னோடு கூட்டிக்கொண்டு வந்தாள். ராஜம்மாவுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. பேபிக்கு ஆக்கிப்போடுவதுதான் அவளுக்குத் தெரிந்த கொஞ்சல், திட்டு, சமாதானம் எல்லாம். கடையை மூடியதும் மிச்சமிருக்கும் பஜ்ஜியையும் போண்டாவையும் சோற்றோடு ஒரே தாம்பாளத்தில் கொட்டி அக்காவும் தங்கையும் எதிரெதிரே உட்கார்ந்து தின்பார்கள். அன்றைய வம்பெல்லாம் அந்தத் தாம்பாளத்தின் மேல்தான் பேசித் தீரும். இருவரும் ஒன்றாகவே பருத்தார்கள். தெருவில் அவர்களைப் பார்த்துச் சிரித்தவர்களை அவர்களும் சேர்ந்தே திட்டினார்கள்.

ஒரு வருஷமாகப் பேபியின் குறட்டை தூக்கத்தில் திடீரென்று அறுந்து நின்றுபோகத் தொடங்கியிருந்தது. ராஜம்மா பக்கத்தில் படுத்து, சத்தம் நின்றால் உலுக்கி எழுப்புவாள். இருவருக்குமே அம்மாவின் ஞாபகம் வரும், இருவருமே சொல்லமாட்டார்கள். முட்டி வலிக்கென்று போன இடத்தில்தான் டாக்டர் ரகுநாதனைப் பற்றித் தெரியவந்தது. வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர். இரைப்பையின் மேல் பகுதியைக் கட்டைவிரல் அளவுக்கு ஒதுக்கிப் பின் அடித்துவிடுகிற ஆபரேஷன் என்று காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார்.

"இது அழகுக்குப் பண்றது இல்லம்மா. பண்ணிக்கிட்டா, பழைய மாதிரி ஒரு வேளைகூடச் சாப்பிட முடியாது. நல்லா யோசிங்க."

"ஒரு வேளகூடவா டாக்டர்?"

"ஒரு வேளைகூட."

அதை அவள் ராஜம்மாவிடம் சொன்னபோது, ராஜம்மா பஜ்ஜிக்கு வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தாள்.

"நல்லா கீற வவுத்த எதுக்குடி தச்சிக்கினு வரணும்? கட்டி கீதா, நோவு கீதா?"

"அம்மா மாரி தூக்கத்துலயே பூடுவேன்க்கா."

"அப்போ நான் உனுக்கு ஆக்கிப் போட்டதெல்லாம் தப்புன்றியா?"

"நான் அப்டி சொல்லலியே."

ராஜம்மா சீவுகட்டையைக் கீழே வைத்தாள். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தங்கையைப் பார்க்காமல் கேட்டாள்.

"அப்போ நானு?"

பேபி சிதறிக் கிடந்த வாழைக்காய்ச் சீவல்களைப் பொறுக்கினாள். அக்காவும் அவளைப் போலவே கனமானவள்; அக்காவுக்கும் மாடிப்படி ஏறினால் இரைத்தது. அதையெல்லாம் யோசிக்காமல் தனக்கு மட்டும் ஒரு கதவு திறந்ததென்று ஓடிவந்துவிட்டோமோ என்று நினைத்தாள். ஆனாலும் பின்வாங்கத் தோன்றவில்லை. மூன்று நாள் ராஜம்மா பேசவில்லை. நாலாம் நாள், பேபியின் கல்யாணத்துக்கென்று சிறுகச் சிறுகச் சேர்த்து வைத்திருந்த நகைகளைத் துணி முடிச்சோடு எடுத்து வேம்புலியின் கையில் வைத்து, "வித்துட்டு வா" என்றாள்.

ஆபரேஷன் நல்லபடியாகவே முடிந்தது. முதலில் தண்ணீர், பிறகு வடிகஞ்சி, பிறகு குழைத்த சோறு என்று ஸ்பூனால் மட்டும் சாப்பிடச் சொன்னார்கள். வீட்டுக்கு வந்த அன்று ராஜம்மா பழக்கத்தில் ஒரு சொம்பு நிறையக் கஞ்சி கொண்டுவந்தாள். நாலு ஸ்பூனில் பேபிக்கு நெஞ்சு வரை அடைத்தது. சொம்பைப் பார்த்து இருவரும் சிரித்தார்கள். பிறகு ராஜம்மா மீதியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள், வெகுநேரம் வெளியே வரவில்லை.

பசி போய்விட்டால் நிம்மதியாக இருக்கும் என்று பேபி நினைத்திருந்தாள். பசி இல்லாத மனுஷிக்குப் பொழுது எப்படிப் போகும் என்று டாக்டர் சொல்லவில்லை. சாப்பாட்டு மணியடித்ததும் கம்பெனியில் எல்லாரும் டப்பாவைத் திறப்பார்கள். அவளுடைய சாப்பாடு, அவர்கள் ஊறுகாயைப் பங்கு போட்டு முடிப்பதற்குள் தீர்ந்துவிடும். மிச்ச நேரத்துக்கு என்ன செய்வதென்று தெரியாமல் எழுந்துபோய்க் குழாயடியில் கையை மறுபடி மறுபடி கழுவுவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் உட்காரப் பிடிக்காது. துவைத்த துணியை மடிப்பாள், மடித்ததைப் பிரித்து வேறு மாதிரி மடிப்பாள். ஏரிக்கரையில் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடப்பாள், வீடு திரும்பி வாசலில் நின்றுவிட்டு மறுபடி நடக்கப் போவாள். வாய்க்கு ஏதோ வேண்டும் போலிருக்கும். வயிறு வேண்டாம் என்று சொல்லும். இரண்டுக்கும் நடுவே தான் யார் பக்கம் என்று அவளுக்கே பிடிபடவில்லை. ஒரு நாள் பஸ் ஸ்டாண்டு கடையில் ரோஸ் மில்க் தடையில்லாமல் இறங்குவதைக் கண்டுபிடித்தாள். சோறு நின்ற இடத்தில் அது நிற்காமல் போனது. அடுத்தடுத்து நாலு நாள் யாருக்கும் தெரியாமல் குடித்தாள். ஐந்தாம் நாள் கடைக்காரன் அவளைக் கண்டதும் கேட்காமலே கிளாஸை எடுக்க, பயந்துபோய்த் திரும்பி நடந்தாள்.

உடம்பு இறங்கியது. ஜாக்கெட்டுகளை ராஜம்மாதான் பிடித்துத் தைத்துக்கொடுத்தாள். தைத்து முடிப்பதற்குள் அதுவும் தொளதொளத்தது. கையில் தோல் தொங்கியது. தலைமுடி கொத்துக் கொத்தாகக் கழன்றது. கம்பெனியில் சிலர் "சக்கரையாடி?" என்றார்கள். சிலர் எதுவும் கேட்காமல், ஒட்டிக்கொள்ளும் நோயோ என்று தங்கள் தண்ணீர் பாட்டிலைத் தள்ளி வைத்தார்கள். ஆனால் குறட்டை நின்றது. முட்டி வலியும் போய்விட்டது. தூக்கத்தில் அவளை உலுக்க வேண்டிய அவசியம் ராஜம்மாவுக்கு இல்லாமல் போனது.

கடையில் முதல் ஈடு பஜ்ஜியைத் தின்று பார்த்து உப்புச் சொல்வது எப்போதும் பேபிதான். இப்போது நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு ஓரமாகத் துப்பினாள். "துப்பாதடி, கிராக்கி பாக்குது" என்று ராஜம்மா பல்லைக் கடித்துச் சொன்னாள். அடுத்த நாளிலிருந்து வேம்புலி உப்புப் பார்த்தான். தாம்பாளம் போய் ராஜம்மாவுக்கு ஒரு தட்டு வந்தது. முதலில் தங்கைக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டாள், பிறகு கொஞ்சம் திரும்பி உட்கார்ந்தாள், பிறகு அடுக்களைக்கே போய்விட்டாள். உள்ளேயிருந்து தட்டில் கரண்டி படும் சத்தம் மட்டும் வரும். பேபிக்கு எழுந்துபோய்ப் பக்கத்தில் உட்காரத் தோன்றும். போனால், அளவு பார்க்க வந்தாள் என்று அக்கா நினைத்துவிடுவாளோ என்று இருக்கும்.

வருஷம் திரும்பும்போது ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை தேவராஜ், ஆவடியில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறவன், முதல் மனைவியை இழந்தவன். அவன் அக்கா குப்பம்மாதான் முன்னின்று பேசினாள். பெண்ணைப் பிடித்துப்போயிற்று.

"ஆபரேசன் பேச்ச எடுக்காத. தாலி ஏறட்டும், அப்பறம் சொல்லிக்கலாம்" என்றாள் ராஜம்மா.

"தெரிஞ்சா இன்னாக்கா ஆவும்?"

"குறை கீற பொண்ணுன்னுவாங்கோ. வாய மூடிக்கினு இரு."

சம்பந்தம் முடிவான பிறகுதான் பெண் வீட்டில் கை நனைப்பது வழக்கம். அதற்காக அவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். ராஜம்மா விடிந்ததிலிருந்து சமைத்தாள். வெகு நாளைக்குப் பிறகு அவள் முகத்தில் அந்தப் பழைய சுறுசுறுப்பு இருந்தது. குப்பம்மா பேபியின் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்து, இலையில் தன் கையாலேயே கறித்துண்டுகளை எடுத்துப் போட்டாள்.

"இன்னாம்மா, கோழி கொத்துறாமாரி கொத்திக்கினு கீற? நல்லா துன்னு. எங்க ஊட்ல துன்றதுக்குக் கூச்சப்படக் கூடாது."

பேபி அக்காவைப் பார்த்தாள். அக்கா வேறெங்கோ பார்த்தாள். ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு, எல்லாரும் பார்க்கிறார்களே என்ற அவசரத்தில் அரைகுறையாக மென்று விழுங்கினாள். அது நெஞ்சுக்குழியில் போய் நின்றது. தண்ணீர் குடித்தாள், தண்ணீரும் அதன் மேல் நின்றது. வாயெல்லாம் எச்சில் சுரந்தது. எழுந்து கொல்லைப்பக்கம் ஓடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு குமட்டினாள். எச்சிலும் தண்ணீரும் வந்ததே தவிர துண்டு வரவில்லை. கண்ணில் நீர் வழிந்தது. திரும்பிப் பார்த்தபோது குப்பம்மா எச்சில் கையோடு பின்னால் நின்றிருந்தாள்.

"எத்தினி மாசம்?" என்றாள் குப்பம்மா, மெதுவாக.

பேபியால் பேச முடியவில்லை. இல்லையென்று தலையை மட்டும் ஆட்டினாள்.

"கேக்கறேன்ல. முழுகாம கீற பொண்ண எங்க தலையில கட்டப் பாக்குறீங்களா?"

அப்போது ராஜம்மா வந்தாள். அவ்வளவு வேகமாக அக்கா நடந்து பேபி பார்த்ததில்லை. இரைக்க இரைக்க வந்து நின்றவள், தங்கையின் தோளைப் பிடித்துத் திருப்பி, முந்தானையை ஒதுக்கி வயிற்றைக் காட்டினாள். நெஞ்செலும்புக்குக் கீழிருந்து தொப்புள் வரை தழும்பு இறங்கியிருந்தது. இரண்டு பக்கமும் தோல் சுருங்கித் தொங்கியது.

"பாரு, நல்லா பாரு. எந்தங்கச்சி வவுத்துல புள்ள இல்ல, தையல் கீது. சாவக் கூடாதுன்னு போட்டுக்கினு வந்த தையலு. சொல்லாதன்னு சொன்னது நானு. எதுவா இருந்தாலும் என்னக் கேளு, அவள கேக்காத."

கொல்லை வாசற்படி வரை வந்திருந்த தேவராஜ் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். குப்பம்மா அந்தத் தழும்பைப் பார்த்தாள். அவள் குரலில் கோபம் இறங்கியிருந்தது. "மொதல்லியே சொல்லிக்கலாமேம்மா" என்றாள். இலையில் பாதிச் சாப்பாடு அப்படியே இருக்க, அவர்கள் கை கழுவிக்கொண்டு போனார்கள்.

ஆஸ்பத்திரியில் தொண்டை வழியாகக் குழாய் விட்டு அந்தத் துண்டை எடுத்தார்கள். ஆட்டோவில் திரும்பி வரும்போது ராஜம்மா, "நானே உன்ன கொன்னுருப்பேன்டி" என்று அழுதாள். தொண்டைப் புண்ணால் பேபியால் பதில் சொல்ல முடியவில்லை. கொல்லையில் வெட்டவெளியில் வயிற்றைத் திறந்து காட்டிய கோபம் இருந்தது. அந்தக் கோபத்துக்கு அடியிலேயே, மறைக்க இனி ஒன்றுமில்லை என்ற ஆறுதலும் இருந்தது.

சம்பந்தம் பற்றிப் பேச்சே வரவில்லை. ஒரு மாதம் கழித்துத் தேவராஜ் மட்டும் கடைக்கு வந்தான். இரண்டு பஜ்ஜி வாங்கி நின்றபடி தின்றான். "இப்போ இன்னாதான் துன்ன முடியும் உங்களால?" என்று பேபியிடம் கேட்டான். அவள் சொன்னாள். இட்லி பாதி. நன்றாகக் குழைத்தால் சோறு. மீன், முள் எடுத்து. அவன் தலையாட்டிக்கொண்டே கேட்டான், காகிதத்தில் கையைத் துடைத்துக்கொண்டு போனான்.

"இன்னா சொல்லிட்டுப் போறான்?" என்றாள் ராஜம்மா.

"ஒண்ணும் சொல்லல. கேட்டுட்டுப் போறான்."

அடுத்த வெள்ளிக்கிழமை திருவேற்காட்டுக்குப் போனார்கள். தங்கை பிழைத்தால் வருவதாக ராஜம்மா அம்மனுக்கு வேண்டிக்கொண்டிருந்தாள். திரும்பும் வேனில் இருவரும் பின் இருக்கையில், ஆளுக்கொரு ஜன்னலோரமாக உட்கார்ந்தார்கள். முன்பெல்லாம் இவர்கள் ஏறினால் அந்த இருக்கையில் வேறு யாருக்கும் இடமிருக்காது. பேபிக்குக் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. இறங்கி வீடு வரை நடந்துவிடலாமா என்று தோன்றிக்கொண்டே இருந்தது. வேன் புறப்படப் போகும்போது தூங்கும் குழந்தையோடு ஒருத்தி ஏறினாள். நின்று பார்த்தாள். பிறகு மிகச் சாதாரணமாக, "கொஞ்சம் தள்ளிக்கங்கம்மா" என்று சொல்லி இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தாள்.

ராஜம்மா திடுக்கிட்டு அவளைப் பார்த்தாள். பிறகு அவள் தலைக்கு மேலாகத் தங்கையைப் பார்த்தாள். வேன் கிளம்பியதும் குழந்தையின் கால்கள் ராஜம்மாவின் மடியிலும் தலை பேபியின் மடியிலும் சரிந்தன.

"காலையில துன்னியாடி?" என்றாள் ராஜம்மா, நடுவில் இருப்பவளைத் தாண்டி.

"துன்னேன். அர இட்லி."

வேன் பள்ளத்தில் விழுந்து எழுந்தது. ராஜம்மா இருக்கையின் முதுகு வழியாக, நடுவில் இருப்பவளின் பின்னால் கையை நீட்டினாள். விரல்கள் பேபியின் தோளை எட்டின. சதைக்குள்ளிருந்து புதிதாக வெளியே வந்திருந்த அந்த எலும்பை அவை ஒருமுறை தடவிப் பார்த்தன; அது எதுவென்று தெரியாமல் திரும்பவும் தடவின. பேபி குழந்தையின் தலை ஆடாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, தோளை அசைக்காமல் உட்கார்ந்திருந்தாள்.