எல்லாருக்கும் ஒரே வாக்கியம்

என் கணவர் யூஜினை அடக்கம் செய்த மறுநாள், மெலிசா மடிக்கணினியோடு புக்கிட் பெருவாங்கில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை வரும் மாதாகோவில் வாரமடலுக்கு அவருடைய மரண அறிவிப்பு வேண்டும். பல வருடங்களாக அந்த மடலை அவரும் நானும்தான் திருத்திவந்தோம். தட்டச்சு மெலிசாவின் வேலை.

“ஆண்டி, காண்டீபன் அங்கிள் எழுதி அனுப்பியிருக்காரு. படிக்கவா?”

யூஜினின் நெடுநாள் சிநேகிதர் எழுதியது ‘தமிழ்ப் பணிச் செம்மல், பங்கின் தூண், மதிப்பிற்குரிய ஐயா’ என்று தொடங்கியது. யூஜின் பெயர் வருவதற்குள் நான் இரண்டு முறை மூக்கைச் சிந்திவிட்டேன். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

ஆனால் எங்கள் மடலில் அப்படி எழுதுவதில்லை. முன்பெல்லாம் மடலில் உத்தியோகத்தில் இருந்தவர்கள் இறைவனில் இளைப்பாறினார்கள்; தோட்டத்து ஆட்கள் வெறுமனே காலமானார்கள். யாரும் சட்டம் போடவில்லை, அப்படியே பழகிவிட்டது. ஒரு வாரம் ஒரு வங்கி மேலாளரும், ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய இருதயம்மாளும் ஒரே பக்கத்தில் வந்தார்கள். யூஜின் சாப்பிட்டுக்கொண்டே வாசித்தார்.

“செசிலியா, மோட்சத்திலயும் ரெண்டு வரிசையோ?”

“இருக்கும் லா. நீங்க யாழ்ப்பாணத்து ஆளு, மேனேஜர் பக்கம் நில்லுங்க. நான் தோட்டத்துக்காரி, இருதயம்மா அக்காகூட நின்னுக்கிறேன்.”

“நீர் அங்க நிண்டா எனக்கு ஆர் சோறு போடுறது?”

சிரித்தார். ஆனால் அடுத்த வாரத்திலிருந்து எல்லாருக்கும் ஒரே வாக்கியம்தான். பெயர், வயது, ஊர், ‘இறைவனில் இளைப்பாறினார்’. அடைமொழி கிடையாது. கோவிலுக்கு மணி வாங்கிக் கொடுத்தவருக்கும் கிடையாது. அவர் பிள்ளைகள் வெகுநாள் யூஜினோடு பேசவில்லை.

காண்டீபனை ஃபோனில் அழைத்தேன்.

“அக்கா, அவருக்கெண்டு ஒரு சொல் கூடப் போடக் கூடாதோ?” என்றார்.

எனக்கும் அதே ஆசைதான். ‘சரி’ என்பது தொண்டைவரை வந்துவிட்டது. ஃபோனைக் கையால் பொத்திக்கொண்டு மெலிசாவைக் கேட்டேன்.

“இந்த வாரம் வேற யாராச்சும் இருக்காங்களா?”

“பாயா ரும்புட்ல லாரி ஓட்டுன அந்தோணி தம்புசாமி அங்கிள். அவரு மக, பேரும் வயசும் மட்டும் அனுப்பியிருக்கு. வேற என்ன எழுதுறதுன்னு தெரியலையாம்.”

அந்தப் பெண் ஞாயிற்றுக்கிழமை தன் அப்பாவின் பெயரைத் தேடுவாள். பக்கத்தில் செம்மலும் தூணும் நிற்கும்.

“வேணாம் தம்பி,” என்றேன் காண்டீபனிடம். “ஒரு சொல் கூட்டினா இந்த மனுசன் பெட்டியத் தொறந்துக்கிட்டு வந்து திட்டிட்டுப் போவாரு.”

காண்டீபன் சிரிக்கத் தொடங்கி, பாதியில் அழுதுவிட்டார்.

“யாரு பேரு மேல, ஆண்டி?”

“முன்னால போனவங்க பேரு.”

தம்புசாமி மேலே, யூஜின் கீழே. மெலிசா வாசித்தாள்.

“யூஜின் புவனேந்திரன், வயது எழுபத்தொன்று, புக்கிட் பெருவாங், இறைவனில் இளைப்பாறினார்.”

சட்டென்று முடிந்துவிட்டது. இன்னொரு முறை வாசிக்கச் சொன்னேன்.

“பிழை ஏதும் இருக்கா, ஆண்டி?”

“இல்லம்மா. அனுப்பிடு.”