கூட்டுக் கையெழுத்து

லோக் இறந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. அவருடைய மனைவி சென் என் கடைக்கு வந்து, தனக்குக் கல்யாணமே ஆகவில்லை என்று அவர் அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்திருந்த வரிக் கணக்கை என் மேசைமேல் வைத்தாள்.

அமெரிக்காவின் தென்கரையில், பிலாக்ஸியில் படகுத் துறைக்கு இறங்கும் தெருவில், வலைக் கடையை ஒட்டினாற்போல் என் கடை. வருமான வரிக் கணக்கு எழுதித் தருவது தொழில். வியட்நாமிலிருந்து வந்து இங்கே இறால் பிடித்துப் பிழைக்கிறவர்களில் பாதிப் பேருடைய வரவு செலவு எனக்கு அத்துப்படி. மீதிப் பேருடைய குடும்பச் சண்டை அத்துப்படி. லியூ அக்காவுக்குக் கோபம் மூக்கின்மேல் இருக்கும் என்று என்னைத் துறையில் சொல்வார்கள். ரசீதுகளை ஐஸ் பெட்டிக்குள் போட்டு, சொட்டச் சொட்டக் கொண்டுவந்து கொட்டுகிறவர்களிடம் வேறு எப்படிப் பேசுவதாம்?

லோக் முப்பது வருஷமாக என்னிடம்தான் வருவார். இந்த வருஷம் வரவில்லை. ஜனவரி கடைசியிலேயே, வரி சீசனுக்கு மட்டும் பெரிய கடைகளின் வாசலில் முளைக்கும் ஒரு கவுன்டருக்குப் போய், முன்பின் தெரியாதவனிடம் கணக்கைக் கொடுத்துத் தாக்கல் செய்துவிட்டார். அடுத்த மாதம் படகுத் துறையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

"அக்கா, எனக்கு இங்கிலீஷ் படிக்க வராது. இதுல என் பேர் எங்க இருக்குன்னு காட்டுங்க" என்றாள் சென்.

பார்த்தேன். "இல்லம்மா."

"வக்கீலும் இல்லன்னுதான் சொன்னாரு. அவருக்குக் கண்ணு சரியில்லையோன்னு நினைச்சேன்."

சென் போன வருஷம் ஏப்ரலில்தான் வந்தவள். நாற்பத்து நாலு வயது. வியட்நாமில் சோக் ட்ராங் சந்தையில் நூடுல்ஸ் கடை வைத்திருந்தவள். மனைவியை இழந்து பல வருஷம் தனியாக இருந்த லோக், ஊருக்குப் போயிருந்தபோது அந்தக் கடையில் சாப்பிட்டார். திரும்பத் திரும்ப அங்கேயே சாப்பிட்டார். கடைசியில் கட்டிக்கொண்டார். கடையை விற்றுவிட்டு வந்தவளுக்கு இங்கே தங்குவதற்கு அரசாங்கம் கொடுத்தது இரண்டு வருஷக் கார்டு. அது முடிவதற்குள், கல்யாணம் உண்மையானதுதான், கார்டுக்காக நடந்த நாடகம் இல்லை என்று நிரூபிக்க வேண்டும். புருஷன் இருந்தால் இரண்டு பேரும் சேர்ந்து மனுப் போடுவார்கள். இல்லாவிட்டால் பெண் ஒற்றையாக நின்று நிரூபிக்க வேண்டும்.

வக்கீல் கேட்டதெல்லாம் சாதாரணச் சாட்சியங்கள்தான். இருவரும் சேர்ந்து போட்ட வரிக் கணக்கு. சேர்ந்து வைத்த வங்கிக் கணக்கு. இரண்டு பேருடைய பெயரும் உள்ள மின்சார பில். சென்னிடம் எதுவுமே இல்லை. கல்யாண போட்டோ இருந்தது. போட்டோ எல்லாரும்தான் எடுப்பார்கள் என்று வக்கீல் சொல்லிவிட்டார்.

"கார்டு போனா போகட்டும்க்கா" என்றாள் சென். "அவர் என்னைப் பொண்டாட்டியாவே நினைக்கலையா? அதை மட்டும் சொல்லுங்க. பத்து மாசம் ஒரே தட்டுல சாப்பிட்டோம். எனக்குக் காய்ச்சல் வந்தப்ப நெத்தியில துணி போட்டுட்டு ராத்திரி பூரா உக்காந்திருந்தாரு. அந்த மனுஷனா கல்யாணம் ஆகலைன்னு எழுதுவாரு?"

செத்தவரின்மேல் எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. என்னிடம் வந்திருந்தால் காதைத் திருகி அவள் பெயரை எழுத வைத்திருப்பேன். அது தெரிந்துதான் என் கடைப் பக்கமே தலை காட்டவில்லை. அழுவதா திட்டுவதா என்று தெரியாமல் டீ போடப் போனேன்.

டீயைக் குடிக்க வைத்துவிட்டுச் சொன்னேன். எழுபத்தைந்தில் வியட்நாமில் சண்டை முடிந்து ஆட்சி மாறியபோது, தோற்ற பட்டாளத்தில் இருந்தவர்களெல்லாம் வந்து பெயரைப் பதிந்துகொள்ளுங்கள், பத்து நாள் சாப்பாட்டோடு வாருங்கள், பாடம் நடத்தி அனுப்பிவிடுவோம் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். லோக்கின் அண்ணன் ஒழுங்கானவர். வரிசையில் நின்று, பெயர் கொடுத்து, சாப்பாட்டு மூட்டையோடு போனார். திரும்பவே இல்லை. பெயர் கொடுக்காமல் தென்னந்தோப்பில் பதுங்கிய பக்கத்து வீட்டுக்காரன் இன்றைக்கும் அங்கே பேரன்களோடு இருக்கிறான். அப்போது லோக்குக்குப் பதினேழு வயது. அன்று முடிவு கட்டிக்கொண்டார். நமக்கு வேண்டியவர்களின் பெயரை எந்த அரசாங்கத்திடமும் கொடுக்கக் கூடாது.

"மறந்தெல்லாம் போகல. கூட்டிட்டு வரக் கொடுத்தே ஆகணும்னு ஒரு தடவை உன் பேரைக் கொடுத்தாரு. அதுக்கப்புறம் ஒளிச்சு வச்சாரு உன்னை" என்றேன்.

சென் கணக்குத் தாளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு, "இதைக் கார்டு ஆபீஸ்ல சொன்னா ஒத்துக்குவாங்களா?" என்று கேட்டாள்.

"சிரிப்பாங்க."

அந்த வருஷக் கணக்கைத் திருத்தி, புருஷன் பெண்டாட்டி இருவருக்குமாகச் சேர்த்துத் தாக்கல் செய்ய வழி இருந்தது. அவள் ஏப்ரலில் வந்திருந்தாலும், வருஷம் முழுக்க இங்கே இருந்தவளாகவே கொள்ளலாம். ஊரில் நூடுல்ஸ் விற்றுச் சம்பாதித்ததையும் காட்ட வேண்டும், அவ்வளவுதான். அவர் தாக்கலே செய்யாமல் செத்திருந்தால் அவள் கையெழுத்து ஒன்றே போதும். அந்தக் கவுன்டருக்குப் போய் அதையும் கெடுத்து வைத்திருந்தார். இனி அவருடைய இடத்தில் நின்று கையெழுத்துப் போடக் கோர்ட்டு நியமித்த ஆள்தான் வர வேண்டும். அவருடைய வங்கிக் கணக்கை மூடுவதற்காக அந்த நியமனத்தை வாங்கியிருந்தவள் அவர் மகள் தூய்.

தூய் பக்கத்து ஊரான கல்ஃப்போர்ட்டில் நகப் பூச்சுக் கடை நடத்துகிறாள். அப்பாவின் இரண்டாம் கல்யாணத்துக்குப் போகவில்லை. சென் வந்த நாள்முதல் அவளைச் சித்தி என்று ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை. லோக் குடியிருந்த வீடு தூய் தன் பணத்தில் வாங்கியது. நூறாம் நாள் சடங்கு முடிகிறவரை சென் அங்கே இருக்கலாம், பிறகு காலி செய்ய வேண்டும் என்று சொல்லியிருந்தாள். கெட்ட பெண் என்று சொல்ல மாட்டேன். அப்பனைப் பறிகொடுத்தவள். யார்மேலாவது கோபப்பட்டே ஆக வேண்டும் அல்லவா?

போன் போட்டேன். மறுநாள் சென்னும் இருக்கும்போதே தூய் வந்து, உட்காராமல் நின்றாள்.

"அத்தை, எங்கப்பா என்ன எழுதினாரோ அதுதான். கல்யாணம் ஆகலைன்னு அவரே கையெழுத்துப் போட்டிருக்காரு. நான் எதுக்கு மாத்தணும்?"

"உக்காரு."

"கடை இருக்கு."

"கடை எங்கேயும் ஓடிடாது. உங்கப்பா எழுதினதெல்லாம் நிஜம்னா, பத்து வயசு வரைக்கும் நீ பொறக்கவே இல்லடி."

தூய் என்னை முறைத்தாள்.

"பிள்ளை இருக்குன்னு காட்டினா வரி குறையும்னு வருஷா வருஷம் தொண்டை வத்தக் கத்தினேன். பிள்ளையே இல்லைன்னு சாதிச்சாரு. நீ அவர் மடியில உக்காந்து என் பென்சிலைக் கடிச்சுத் துப்பிட்டிருப்ப. உன்னை மடியில வச்சுக்கிட்டே, பிள்ளை இல்லன்னு எழுதுங்கன்னு சொல்வாரு. உங்கம்மா என்கூடச் சேர்ந்து சண்டை போட்டு உன் பேரை எழுத வச்சா. எழுதின அன்னிக்கு மனுஷன் வெளிய போய் வாந்தி எடுத்துட்டு வந்தாரு."

"எனக்கு யாரும் சொல்லல" என்றாள் தூய். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அதன் வாரையே பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "சரி, நான் கையெழுத்துப் போட்டா அவங்களுக்கு என்ன கிடைக்கும்?"

"சித்தின்னு சொன்னா வாய் தேஞ்சிடுமா?"

"என்ன கிடைக்கும்னு கேட்டேன் அத்தை."

என் தொழிலில் நான் வெறுக்கிற இடம் இது. மூடி மறைத்துக் கையெழுத்து வாங்கினால் எனக்கும் அந்தக் கவுன்டர்க்காரனுக்கும் என்ன வித்தியாசம்? சென் பக்கம் திரும்பி நிதானமாகச் சொன்னேன்.

போன கோடையில் லோக் இறால் படகை விற்றிருந்தார். படகின் விலையை அது ஓடின வருஷங்களில் தேய்மானம் என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்து முடித்தாகிவிட்டது. அதனால் விற்று வந்தது முழுவதும் லாபம் என்றே அரசாங்கம் எடுத்துக்கொள்ளும். அந்தப் பணத்தை ஐஸ் கடைக்காரனும் டீசல்காரனும் பழைய பாக்கிக்கு வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். வரி அப்படியே நின்றது. ஏப்ரலில் கட்டுகிறேன் என்று எழுதிக் கொடுத்திருந்தார். விட்டுப் போனது காலியான வங்கிக் கணக்கும் ஓட்டை லாரி ஒன்றும். லாரியை விற்றால் அடக்கச் செலவுக்கே காணாது.

"இப்படியே விட்டா இந்தக் கடன் அவரோட போயிடும்" என்றேன். "செத்தவர்கிட்ட வசூல் பண்ண ஒண்ணும் இல்ல. நீ சேர்ந்து கையெழுத்துப் போட்டா மொத்தமும் உன் தலையில விழும். பாதி இல்ல, மொத்தம். தொழிற்சாலையில நீ இறால் உரிச்சு வாங்குற கூலியில இருந்து எடுப்பாங்க. தெரியாம போட்டுட்டேன்னு பின்னால மனுப் போடவும் முடியாது. தெரிஞ்சுதான் போடற. நான்தான் சாட்சி."

தூய் முதல் முறையாக சென்னின் முகத்தை நேராகப் பார்த்தாள். "இதுக்கா என்னைக் கூப்பிட்டீங்க? அத்தை, இவங்களுக்கு இது புரியுதா? கடனை யாராவது கேட்டு வாங்குவாங்களா?"

"புரியுது" என்றாள் சென். "அக்கா, இந்தக் கடன் தூய்க்கு வருமா?"

"வராது. அவ மக. செத்தவர் சார்பா போடற கையெழுத்துதான் அவளோடது."

"வெளியூர்ல இருக்குற அவரோட தங்கச்சிக்கு?"

"வராது."

"பொண்டாட்டிக்கு மட்டும்தான்."

"சேர்ந்து போட்டா. ஆமா."

"அப்ப போடறேன்."

"கிறுக்கச்சி மாதிரி பேசாத" என்று கத்தினேன். "கல்யாணம் நிஜம்னு அக்கம்பக்கத்துல எழுதி வாங்கலாம். கோயில்ல எழுதித் தருவாங்க. நானே எழுதித் தரேன். அது போதாமப் போனா ஊருக்குப் போ. கடனில்லாம போ."

"ஊருக்குப் போய் என்னன்னு சொல்றது? கடை இல்ல. வீடு அண்ணன்கிட்ட. அமெரிக்காக்காரன் வச்சிருந்துட்டு எழுதாம விட்டுட்டான்னு சந்தையே பேசும். அவர் ஒளிச்சு வச்சாருன்னு நான் யார்கிட்ட சொல்லிட்டுத் திரியறது?" சென் குரலை உயர்த்தவே இல்லை. "இறால்தானே அக்கா. உரிக்கறேன்."

முப்பது வருஷம் வரி குறைக்க வழி தேடிக் கொடுத்தவள் நான். வரியைக் கேட்டு வாங்க வந்தவளை அன்றுதான் முதல் முறையாகப் பார்த்தேன்.

தாள்களைத் தயார் செய்தேன். தூய் அப்பாவின் இடத்தில் கையெழுத்துப் போட்டாள். போட்டுவிட்டு, "வேண்டாம்னு நான் சொன்னேன்னு ஞாபகம் வச்சுக்கங்க" என்றாள். அவள் சொல்லவில்லை. சொன்னதாக நினைக்க அவளுக்கு ஆசை. நான் வாதாடவில்லை. சென் தன் பெயரை எழுத்துக் கூட்டி மெதுவாக எழுதினாள். லோக்கின் பெயருக்குப் பக்கத்தில் இறந்தவர் என்று நான் எழுத வேண்டியிருந்தது. அது என்ன எழுத்து என்று கேட்டாள். சொன்னேன். எழுதுங்கள் என்றாள்.

"விலாசம்?" என்றேன்.

சென் தூயைப் பார்த்தாள். தூய் கைப்பைக்குள் சாவியைத் தேடத் தொடங்கினாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என் கடை விலாசத்தையே எழுதினேன்.

இதெல்லாம் நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. சென் இறால் தொழிற்சாலைக்குப் பின்னால் ஒரு அறையை மூன்று பெண்களோடு பகிர்ந்துகொண்டு இருக்கிறாள். கார்டு மனுவோடு அந்தக் கூட்டுக் கணக்கையும் வைத்து அனுப்பினோம். கிடைத்தது என்று ஒரு கடிதம் வந்தது. பரிசீலனையில் இருக்கிறது என்று இன்னொரு கடிதம் வந்தது. வக்கீலைக் கேட்டால், புருஷன் செத்த பிறகு போட்ட கணக்கு என்று கார்டு ஆபீஸில் தயங்குகிறார்களாம்.

வரி அலுவலகத்துக்கு அந்தத் தயக்கமெல்லாம் இல்லை. லோக், சென் என்று இரண்டு பெயரையும் சேர்த்து அச்சடித்து, பாக்கியைக் கட்டச் சொல்லி என் கடைக்குத் தவறாமல் கடிதம் அனுப்புகிறது. இந்த நாட்டில் அவளை லோக்கின் மனைவி என்று ஒப்புக்கொண்டது இன்றுவரை அது ஒன்றுதான்.