கண்மூடிப் பெட்டி

பதினொரு வருடமாகப் பாலர் வகுப்புக் குழந்தைகளுக்கு விட்டுக்கொடுக்கச் சொல்லிக் கொடுக்கிறேன். வரிசையில் நிற்பது, தன் முறை வரும்வரை காத்திருப்பது, அடித்துவிட்டால் மன்னிப்புக் கேட்பது, அடுத்தவர் பொம்மையைப் பார்த்து அழாமல் இருப்பது, இவைதான் என் பாடங்கள். அந்தக் கடைசிப் பாடத்தில் நான் தேறவில்லை என்பது பக்கத்து வகுப்புக்கு அந்தப் பெண் வந்து சேர்ந்த பிறகுதான் தெரிந்தது.

வருடத்தின் நடுவில் வந்தாள். இருபத்துநாலு வயது இருக்கும். கையில் ஒரு பழைய சாம்பல் நிறக் காலுறை. அதற்கு இரண்டு காதும் ஒரே ஒரு பொத்தான் கண்ணும் தைத்து, முயல் என்றாள். இன்னொரு கண் என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"அது எங்கயோ தொலைச்சிடுச்சுக்கா. குழந்தைங்க தேடிட்டு இருக்காங்க" என்றாள், முயலே கவனமில்லாமல் தொலைத்துவிட்டது போல. அப்போதே எனக்கு அவளைப் பிடிக்கவில்லை. குழந்தைகள் அவளை முயல் மிஸ் என்றார்கள். நான் மனசுக்குள் முயல்காரி என்றேன்.

என்னிடமும் பொம்மை உண்டு. கடையில் வாங்கிய வெல்வெட் யானை, தும்பிக்கை கொஞ்சம் விறைப்பு. என் யானைக்கு எல்லாம் தெரியும். "சண்டை போடக் கூடாது குழந்தைகளே" என்று அது சொல்லும். "சரி யானையாரே" என்று பிள்ளைகள் கோரஸாகச் சொல்லிவிட்டு, வெளியே போய் அடித்துக்கொள்வார்கள். முயல்காரியின் முயலுக்கோ ஒன்றும் தெரியாது. வரிசையில் முந்தும், பென்சிலைப் பிடுங்கும், தள்ளிவிட்டு "நான் இல்ல" என்று சாதிக்கும். குழந்தைகள்தான் எழுந்து நின்று அதற்குப் புத்தி சொல்ல வேண்டும். இருபது வாண்டுகள் ஒரு காலுறைக்குப் பாடம் நடத்துகிற சத்தம் சுவரைத் தாண்டி வரும். என் பிள்ளைகள் யானையை விட்டுவிட்டுச் சுவரைப் பார்ப்பார்கள்.

தலைமையாசிரியை ஒருநாள் வராந்தாவில் நின்று கேட்டுவிட்டு, "என்ன ஒரு ஈடுபாடு பாருங்க" என்று பூரித்துப்போனார். போன வருடம் என் வகுப்பில் இதில் பாதிச் சத்தம் வந்ததற்கு, "கொஞ்சம் அடக்குங்க டீச்சர்" என்றவர் அவரேதான். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். எங்கள் பள்ளியில் அது தலைகீழ்.

இதெல்லாம்கூடப் போகட்டும். என் வயிற்றெரிச்சலுக்கு வேறு காரணம் இருந்தது. என் மகள் அவள் வகுப்பில் படித்தாள்.

பெற்றவள் வகுப்பில் பிள்ளை இருக்கக் கூடாது என்பது பள்ளி விதி. அதற்கு மேல் நானாக ஒரு விதி போட்டிருந்தேன். பள்ளிக்குள் நான் அம்மா இல்லை, மிஸ். மற்றக் குழந்தைகள் ஏங்கிப்போகக் கூடாதே என்ற நல்லெண்ணம்தான். மகளுக்கு ஐந்து வயது. முதல் வாரம் அழுதாள், பிறகு பழகிவிட்டாள். ரொம்ப நன்றாகவே பழகிவிட்டாள்.

வீட்டில் முயல் புராணம் ஆரம்பித்தது. சாப்பிடும்போது முயல், குளிக்கும்போது முயல், செருப்பு மாட்டும்போதும் முயல். ஒரு மாலை நான் வலிய ஒரு யானைக் கதையை எடுத்துவிட்டேன். பாதியில் என் வாயைப் பொத்தினாள்.

"வேணாம்மா. உன் கதைல எல்லாரும் நல்லவங்களாவே இருக்காங்க. முயல் மிஸ் கதைதான் நல்லாருக்கும்."

என் கணவர் செய்தித்தாளுக்குப் பின்னால் சிரித்தார். "விட்டுக்கொடு விட்டுக்கொடுன்னு ஊருக்கே உபதேசம் பண்றவ நீ. கொஞ்சம் விட்டுக்கொடேன்" என்றார். அன்று அவருக்கு இரண்டாவது காபி கிடைக்கவில்லை.

வியாழக்கிழமை இடைவேளையில் என் மகள் சறுக்குமரத்தடியில் விழுந்தாள். முழங்கால் தோல் உரிந்து ரத்தம் துளிர்த்தது. நான் பத்தடி தூரத்தில் இருந்தேன். கையிலிருந்த பதிவேட்டைப் போட்டுவிட்டு இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஓடினேன். அழுதபடி எழுந்தவள் என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, என் கைக்கு அடியில் புகுந்து, எனக்குப் பின்னால் வந்த முயல்காரியிடம் ஓடி அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். எத்தனையோ பிள்ளைகளுக்கு முன்னால் நான் வெறும் கையோடு நின்றேன்.

மாலை மணி அடித்ததும் வாசலில் வைத்துக் கேட்டேன். "விழுந்தப்ப ஏன் அம்மாகிட்ட வரல?"

"பள்ளிக்கூடத்துல நீ அம்மா இல்லன்னு நீதானே சொன்ன" என்றாள். குரலில் கோபமே இல்லை. தெரிந்த கேள்விக்குச் சரியான பதில் சொன்ன திருப்திதான் இருந்தது.

குடையை மறந்துவிட்டேன் என்று அவளைக் காவலாளியிடம் நிறுத்திவிட்டு உள்ளே போனேன். குடை என் பைக்குள்தான் இருந்தது. பக்கத்து வகுப்பில் யாரும் இல்லை. மேஜைமேல் முயல் ஒற்றைக் கண்ணோடு படுத்திருந்தது. எடுத்துப் பையில் சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில் அமுக்கினேன். ஒரே ஒரு நாள், முயல் இல்லாமல் இவள் என்ன கிழிக்கிறாள் பார்க்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ரகசியமாக ஒரு சந்தோஷம்கூட இருந்தது, மறைப்பானேன்.

வழியில் மகள் நொண்டிக்கொண்டே சொன்னாள். "நாளைக்கு முயலுக்கும் கால்ல கட்டு போடப் போறேன். என் மாதிரியே."

மறுநாள் காலை சுவருக்கு அந்தப் பக்கம் பாடம் கேட்கவில்லை, அழுகை கேட்டது. சிறிது நேரத்தில் முயல்காரி என் வகுப்பு வாசலில் வந்து நின்றாள். கண் சிவந்திருந்தது.

"அக்கா, முயலைக் காணோம். நீ எடுத்த, நீ எடுத்தன்னு ஒருத்தர ஒருத்தர் கை காட்டுறாங்க. எனக்குச் சமாளிக்கத் தெரியல. உங்க கண்மூடிப் பெட்டி இருக்காமே. நீங்களே வந்து நடத்துறீங்களா?"

கண்மூடிப் பெட்டி என் சொந்தச் சரக்கு. நீலத்தாள் ஒட்டிய செருப்புப் பெட்டி. வகுப்பில் ஏதாவது காணாமல் போனால், காலிப் பெட்டியைத் திறந்து காட்டி நடுவில் வைப்பேன். சுற்றி உட்கார்ந்து எல்லோரும் கையால் கண்ணைப் பொத்திக்கொண்டு, உரக்க இருபதுவரை எண்ண வேண்டும். எடுத்தவர் அதற்குள் வந்து பெட்டியில் போட்டுவிட்டுப் போய் உட்காரலாம். யார் என்று எவரும் கேட்கக் கூடாது, தெரிந்தாலும் சொல்லக் கூடாது. மிஸ்ஸும் கண்ணை மூடிக்கொள்வேன் என்று சொல்வேன். அது பொய். இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட நான் மூடியதில்லை. விரல் சந்து வழியாகப் பார்த்து, யார் என்று தெரிந்துகொள்வேன்.

என் பிள்ளைகளை ஆயாவிடம் விட்டேன். முயல்காரி பெட்டியை எடுப்பதற்குள், என் பையிலேயே கிடந்த காலுறையைப் பதிவேட்டுக்குள் செருகிக்கொண்டேன். அலமாரிக்கு அடியில் தள்ளிவிட்டு, "அடடே, இங்க கிடக்குதே" என்று சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அவள் என்னைவிட்டு ஓரடி நகரவில்லை.

வட்டமாக உட்கார்ந்தார்கள். என் மகள் எனக்கு நேர் எதிரில், முழங்காலில் கட்டோடு. விதிகளைச் சொன்னேன், பெட்டியைத் திறந்து காட்டினேன், எண்ண ஆரம்பித்தார்கள்.

முதலில் முயல்காரியைத்தான் பார்த்தேன். நிச்சயம் பார்த்துக்கொண்டிருப்பாள், நான் பார்ப்பேனே. அவள் குழந்தைகளுக்கு நடுவில் சம்மணமிட்டு, இரண்டு உள்ளங்கையையும் கண்ணில் அழுத்தி, "ஏழு, எட்டு" என்று அவர்களைவிடச் சத்தமாக எண்ணிக்கொண்டிருந்தாள். நிஜமாகவே மூடியிருந்தாள். மூடச் சொன்னதால் மூடியிருந்தாள். அதைப் பார்த்ததும்தான் எனக்கு வெட்கமாக இருந்தது.

பன்னிரண்டில் காலுறையை உருவி, குனிந்து பெட்டியில் போட்டேன். நிமிர்ந்தபோது எதிரே இரண்டு விரலுக்கு நடுவில் ஒரு கண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. என் பழக்கம் அப்படியே. தாயைப்போல பிள்ளை என்று சும்மாவா சொன்னார்கள். பதிமூன்று என்று எல்லோரும் சொன்னபோது அவள் மட்டும் சொல்லவில்லை. பிறகு விரல்கள் மூடின. "பதினாலு" என்று எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்தினாள்.

பெட்டியைத் திறந்ததும் வகுப்பே எழுந்து குதித்தது. முயல்காரி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க இல்லன்னா நான் என்னக்கா பண்ணியிருப்பேன்" என்றாள். அறைந்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. என் மகள் தன் முறை வரும்வரை வரிசையில் நின்று, முயலுக்குக் கட்டுப் போட்டாள். என் பக்கம் திரும்பவில்லை.

மாலையில் என் இரண்டு விரலைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். தெருமுனை வந்ததும் நின்றாள்.

"நான் கண்ண நல்லா மூடிட்டுதான்மா இருந்தேன்" என்றாள்.

நான் கேட்கவே இல்லை. "அம்மா மூடலடா" என்று ஒருவழியாகச் சொன்னேன்.

அதற்கு அவள் பதில் சொல்லவில்லை. தெரிந்தாலும் சொல்லக் கூடாது என்பது விதி. கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "இன்னிக்கு யானைக் கதை சொல்றியா?" என்றாள்.

"அதுல எல்லாரும் நல்லவங்களாச்சே."

"பரவால்ல. இன்னிக்கு யானை தப்பு பண்ணட்டும். என்ன பண்ணணும்னு நான் அதுக்குச் சொல்லித் தரேன்."

பள்ளியைத் தாண்டி வெகுதூரம் வந்துவிட்டிருந்தோம். இருந்தாலும் எனக்கு அதுதான் வாயில் வந்தது.

"சரி மிஸ்" என்றேன்.